எமர்ஜென்சியில் ஸ்கேன் சொல்லித்தருவது ஒரு தொழிலாகுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு வருடமாகக் கோத்தகிரிப் பக்கம் கேஷுவாலிட்டி டியூட்டி பார்க்கும் ஓர் இளம் டாக்டர் கேட்கிறார். கோவையில் இரண்டு நாள் அல்ட்ராசவுண்ட் பயிற்சி முகாமுக்குப் போய்வந்திருக்கிறார், மனசு அதிலேயே நிற்கிறது. எமர்ஜென்சி மெடிசின் படித்து, அதற்குள் ஸ்கேன் சொல்லித்தருவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்ளலாமா, அதையும் நீலகிரியில் இருந்துகொண்டே செய்யலாமா என்பது கேள்வி. ‘ஸ்கேன்தான் பிடிக்கும்னா ரேடியாலஜி எடுத்துட்டுப் போயேன்’ என்று வீட்டில் அப்பா சொல்கிறாராம்.

செய்யலாம். நான் 2014 முதல் இதே மலையில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ‘முழுநேரம்’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். ஸ்கேன் சொல்லித்தருவதற்கென்று யாரும் தனியாகச் சம்பளம் போட்டு நான் பார்த்ததில்லை. ஷிஃப்ட் பார்ப்பீர்கள், அதற்குச் சம்பளம் வரும். சொல்லித்தருவது அந்த ஷிஃப்ட்டுக்கு நடுவிலும், ஷிஃப்ட் முடிந்து டீ ஆறிக்கொண்டிருக்கும் நேரத்திலும் நடக்கும். முகாமில் மைக் பிடித்துப் பேசுகிறவரைப் பார்த்துத்தான் பலருக்கும் இந்த ஆசை வருகிறது. முகாம் வருடத்துக்கு நாலு நாள். மீதி 361 நாளும் இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் எடுத்த படங்களைப் பார்ப்பதுதான் வேலை. அந்த வேலை பிடிக்குமா என்பதை மட்டும் யோசியுங்கள், மற்றதெல்லாம் தானாக அமையும்.

அப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் மெஷின் ரேடியாலஜிஸ்டின் சொத்து என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கருவியின் வரலாறே வேறு. வழிகாட்டியவர்களில் ஒருவரான இயன் டொனால்ட் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர். தொழிற்சாலையில் இரும்பில் விரிசல் தேட வைத்திருந்த கருவியைக் கட்டிகள் மேல் வைத்துப் பார்த்து, 1958-ல் லான்செட் இதழில் எழுதினார். அதில் வந்த ஒரு நோயாளியின் கதை பிரபலம். வயிறு வீங்கி வந்த பெண்மணிக்குப் புற்றுநோய், இனி செய்ய ஒன்றுமில்லை என்று எல்லாரும் கைவிட்டிருந்தார்கள். ஸ்கேனில் அது சினைப்பை நீர்க்கட்டி என்று தெரிந்தது, அறுவைசெய்து எடுத்துவிட்டார்கள். அடிபட்டவர் வயிற்றில் ரத்தம் தேட ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அறுவை மருத்துவர்களே புரோபை, அதாவது உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியின் முனையைக் கையில் எடுத்தார்கள். அமெரிக்காவில் 1990-களில் அதற்கு ‘ஃபாஸ்ட்’ என்று பெயர் விழுந்தது. யார் ஸ்கேன் செய்யலாம் என்று அங்கேயும் பெரிய சண்டை நடந்தது. தகுந்த பயிற்சி பெற்ற எந்தத் துறை மருத்துவரும் செய்யலாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1999-ல் தீர்மானம் போட்டது. எமர்ஜென்சி மருத்துவர்களின் அமைப்பு 2001-ல் தனக்கென்று வழிமுறைகளை வெளியிட்டது. நம் நாட்டில் எமர்ஜென்சி மெடிசின் என்ற துறையே 2009-ல்தான் மெடிக்கல் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றது. நாம் வந்து சேர்ந்ததே தாமதம், அதனால் சண்டையும் தாமதமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

ரேடியாலஜிஸ்ட் பார்ப்பதும் நாம் பார்ப்பதும் ஒரே மெஷினில் நடந்தாலும் வேலை வேறு. அவர் கல்லீரல் முழுவதையும் பார்த்து, அளந்து, எழுதுகிறார். நாம் கேட்பது ஒரே கேள்வி: ரத்தம் இருக்கா, இல்லையா? இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? நுரையீரல் அசைகிறதா? ஆம், இல்லை என்ற பதிலுக்கு மேல் நமக்கு வேண்டாம். அதற்கு மேல் பேச ஆரம்பித்தால் நாமும் கெட்டு நோயாளியையும் கெடுத்துவிடுவோம்.

மலையில் இந்த ஒற்றைக் கேள்விக்கு எடை அதிகம். கோவையில் சந்தேகம் வந்தால் படுக்கையை நாலு கதவு தள்ளிக்கொண்டு போனால் சிடி. இங்கே சந்தேகம் வந்தால் மலையிறங்க வேண்டும். உதகையில் மருத்துவக் கல்லூரி வந்து 2022-ல் முதல் பேட்ச் சேர்ந்தது, 2025-ல் புதிய பெரிய மருத்துவமனையும் திறந்துவிட்டார்கள். முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. ஆனாலும் கூடலூரிலிருந்து உதகை சுமார் 50 கிலோமீட்டர், முழுக்க மலைப்பாதை. மஞ்சூர்க்காரருக்கும் கோத்தகிரிக்காரருக்கும் அவரவர் வளைவுகள் இருக்கின்றன. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே 35 கிலோமீட்டர், கோவை அதற்கும் அப்பால். 2009 நவம்பர் நிலச்சரிவு மாதிரி ஒன்று வந்தால் அந்த ரோடும் இல்லை.

நம்மிடம் வருகிறவர்களும் இந்த மலைக்கே உரியவர்கள். காட்டு மாடு முட்டியவர், தேயிலைச் சரிவில் உருண்டவர், சில்வர் ஓக் கிளை கழிக்க ஏறி விழுந்தவர், கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடாகிப் போன டூரிஸ்ட் வேனிலிருந்து வரிசையாக வருகிறவர்கள். ஒவ்வொருவரிடமும் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்க வேண்டியது இதுதான்: இப்போதே 108-ல் ஏற்றிக் கீழே அனுப்பவா, ரத்தம் ஏற்றிவிட்டு அனுப்பவா, இங்கேயே சர்ஜனைத் தூக்கத்திலிருந்து எழுப்பவா? புரோப் அந்தக் கேள்விக்கு உதவ வேண்டும். உதவாத ஸ்கேன் எவ்வளவு அழகாக இருந்தாலும் படம் காட்டுவதுதான்.

நான் இதை எப்படிக் கற்றேன் என்று சொன்னால் மீதி புரியும். 2016-ல் நடந்தது. நான் எம்.டி. முடித்து மலைக்கு வந்து இரண்டு வருடம், ஃபாஸ்ட் கைவந்துவிட்டது என்று எனக்கே ஒரு நினைப்பு. குன்னூருக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் காலையில் இலை பறிக்கப் போன நாற்பது வயது அம்மாவை, புதருக்குப் பின்னால் நின்ற காட்டு மாடு இடது விலாவில் முட்டித் தள்ளியிருக்கிறது. வரும்போது பி.பி. 110/70, பல்ஸ் 104. நன்றாகப் பேசினார். ‘மூச்சு இழுத்தா குத்துதுங்க டாக்டர், வேற ஒண்ணுமில்ல’ என்றார். புரோபை வைத்தேன். வலப்பக்கம் சுத்தம். இடப்பக்கம் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் பார்த்தேன், சுத்தம். அடிவயிறு சுத்தம். ‘ஃபாஸ்ட் நெகட்டிவ்’ என்று எழுதினேன். விலா எலும்பு முறிவு, கோவையில் ஒரு சிடி எடுத்துவிடலாம், அவசரமில்லை என்று சொல்லி, மத்தியானம் அவர்கள் பிடித்து வந்த ஜீப்பிலேயே அனுப்பிவைத்தேன்.

பர்லியாறு தாண்டும் முன் மயங்கிவிட்டார். டிரைவர் கெட்டிக்காரர், எங்கும் நிற்காமல் மேட்டுப்பாளையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே ட்ரிப்ஸ் ஏற்றிக் கோவைக்கு அனுப்பி, அன்று ராத்திரியே மண்ணீரலை எடுத்தார்கள். பிழைத்துவிட்டார். மண்ணீரல் எடுத்தவர்களுக்குப் போட வேண்டிய தடுப்பூசிகளுக்காக இரண்டு மாதம் கழித்து எங்களிடமே வந்தார். என்னிடம் நன்றாகத்தான் பேசினார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு எடுத்த வீடியோ மெஷினில் இருந்தது. மறுநாள் போட்டுப் பார்த்தேன். மண்ணீரலுக்கு மேலே, உதரவிதானத்துக்குக் கீழே, விலா எலும்பு நிழலில் பாதி மறைந்து, பிறை மாதிரி மெல்லிய கறுப்பு. என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. புத்தகப் படத்தில் ரத்தம் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் இருக்கும், அதனால் நான் அங்கேயே தேடிவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் இடப்பக்கம் ரத்தம் முதலில் சேர்வது பெரும்பாலும் மண்ணீரலுக்கு மேலே, உதரவிதானத்துக்கு அடியில். வலப்பக்கத்தில் நேர்மாறு. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவிலுள்ள மோரிசன் பவுச்சை எல்லாரும் பார்ப்பார்கள். கொஞ்சமாக இருக்கும்போது ரத்தம் முதலில் தெரிவது கல்லீரலின் கீழ் நுனியைச் சுற்றி. அந்த நுனி வரை புரோபை இறக்காமல் நிறுத்தினால் பாதி ஸ்கேன்தான் செய்திருக்கிறோம்.

இன்னொன்றையும் அன்றே மண்டையில் ஏற்றிக்கொண்டேன். 200 மில்லிக்குக் குறைவான ரத்தம் ஃபாஸ்ட்டில் படாமல் போவது சாதாரணம். வயிற்றின் பின்புறம் கசியும் ரத்தமும் தெரியாது. குடல் கிழிந்ததும் தெரியாது. அதனால் ‘நெகட்டிவ்’ என்றால் இந்த நிமிஷத்துக்கு நெகட்டிவ், அவ்வளவுதான். மலையிறங்கும் முன் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இப்போது எங்களிடம் அடிபட்டவரை ரெஃபர் செய்வதென்றால், வண்டியில் ஏற்றுவதற்கு முன் இரண்டாவது ஸ்கேன் எடுத்து நேரத்தை எழுதாமல் ரெஃபரல் சீட்டில் கையெழுத்துப் போட மாட்டோம்.

சொல்லித்தரும் முறைக்கு வருகிறேன். புதிதாக வருகிறவருக்கு நான் முதலில் பிசிக்ஸ் நடத்துவதில்லை. ஒலி மென்திசுவில் நொடிக்கு 1,540 மீட்டர் போகிறது, நீர் கறுப்பாகத் தெரியும், எலும்பு வெள்ளையாகத் தெரிந்து பின்னால் நிழல் விழும், காற்று எல்லாவற்றையும் கெடுக்கும். முதல் நாளுக்கு இது போதும். கைதான் முதல் பாடம். புரோபைப் பேனா மாதிரி பிடித்து, சுண்டுவிரலையும் உள்ளங்கை ஓரத்தையும் நோயாளியின் உடம்பின் மேல் ஊன்ற வேண்டும். ஊன்றாத கை நடுங்கும், படம் ஓடும். இடப்பக்கம் பார்க்கும்போது விரல் முட்டி படுக்கையைத் தொட வேண்டும். மண்ணீரல் நாம் நினைப்பதைவிடப் பின்னாலும் மேலேயும் இருக்கிறது. முட்டி படுக்கையில் படாவிட்டால் நீங்கள் இரைப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் பின்னால் நின்று திரையைப் பார்ப்பதே இல்லை, கையைத்தான் பார்ப்பேன். கை சரியென்றால் திரையில் படம் வந்திருக்கும்.

அப்புறம் ஜெல்லி. சிரிக்காதீர்கள். உதகையில் மார்கழி, தை மாதக் காலையில் அந்த பாட்டிலை எடுத்து நேராக வயிற்றில் ஊற்றிப் பாருங்கள். நோயாளி துள்ளுவார், வயிற்றுத் தசை கல்லாகும், நடுக்கத்தில் படமும் நடுங்கும். அடிபட்டவருக்குக் குளிர் ஏற்கெனவே ஆகாது, ரத்தம் உறைவதையே அது கெடுக்கும். எங்கள் கேஷுவாலிட்டியில் வெந்நீர் ஊற்றிய ஒரு எவர்சில்வர் சொம்பில் ஜெல்லி பாட்டில் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். வெந்நீர் மாற்றுவது நைட் டியூட்டிக்காரர் பொறுப்பு. எந்தப் பயிற்சி முகாமிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் முகாம் ஏசி ஹாலில் நடக்கிறது, படுத்திருப்பவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த மருத்துவ மாணவர்.

நுரையீரலுக்கு வந்தால் எனக்கு உற்சாகம் கூடிவிடும். காற்று நிறைந்த உறுப்பு, ஸ்கேனுக்கு ஆகாது என்று பாடப் புத்தகங்கள் ஒதுக்கி வைத்திருந்ததைப் பிரான்ஸில் தீவிர சிகிச்சை மருத்துவரான டேனியல் லிக்டென்ஸ்டைன் பல வருடம் பிடிவாதமாகப் பார்த்து, 2008-ல் மூச்சுத்திணறலுக்கான ‘ப்ளூ’ முறையை வெளியிட்டார். நம் மலையில் இது எவ்வளவு உதவும் என்பதற்கு வாரத்துக்கு ஓர் உதாரணம் கிடைக்கும். ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, எழுபது வயதுத் தாத்தாவைக் கம்பளி போர்த்திக் கூட்டி வருவார்கள். வருடக்கணக்காக விறகுப் புகை, பீடி. நெஞ்சில் வீசிங். எல்லாரும் ஆஸ்துமா என்று நெபுலைசர் வைப்பார்கள், இறங்காது. புரோபை நெஞ்சில் வைத்தால் இரண்டு பக்கமும் திரையின் மேலிருந்து அடிவரை வெள்ளைக் கோடுகள் இறங்கும், டார்ச் அடித்த மாதிரி. ஒரு விலா இடைவெளியில் மூன்றும் அதற்கு மேலும், இரண்டு பக்கமும், பல இடங்களில் என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். கூடவே இதயம் சோர்ந்து துடிப்பதும் தெரிந்தால் நெபுலைசரை எடுத்துவிட்டு நீர் இறக்கும் ஊசிக்குப் போகலாம். இரண்டு நிமிஷ வேலை. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்த டியூட்டி டாக்டர் அதற்கப்புறம் புரோபைக் கீழே வைப்பதில்லை. அந்த உற்சாகத்தில் எல்லாருக்கும் எல்லாம் ஸ்கேன் செய்ய ஆரம்பிப்பார், அது வேறு தலைவலி.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வேலை பார்த்தால் இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்) இருப்பது முதன்முதலில் பதிவானதே 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் எழுதினார்கள். அந்த நோய் உள்ள சிலருக்கு மண்ணீரல் பெருத்திருக்கும், சிலருக்குச் சுருங்கிப் போயிருக்கும். பெருத்த மண்ணீரல் சின்ன அடிக்கே கிழியும். சுருங்கியதைத் தேடிக்கொண்டு புது டாக்டர் பத்து நிமிஷம் நிற்பார். ஊர் தெரிந்தவர் முதலில் சிக்கிள் அட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் புரோபை எடுப்பார்.

இனி சட்டம். முகாமில் இதைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டம் நம் வேலையின் ஒவ்வொரு அங்குலத்தையும் தொடுகிறது. மெஷின் நெஞ்சு பார்க்க வாங்கினதா, சிறுநீரகம் பார்க்க வாங்கினதா என்று சட்டம் பார்ப்பதில்லை. கருவைப் பார்க்க முடிகிற எந்த மெஷினும் பதிவான இடத்தில், பதிவான பெயர்கள் உள்ள டாக்டர்களால்தான் இயக்கப்பட வேண்டும். கர்ப்பிணி என்றால் ஃபார்ம் எஃப் என்ற ஸ்கேன் விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும், இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். முதல் தடவை பிடிபட்டாலே மூன்று வருடம் வரை சிறை, மெஷினுக்கு சீல். பாக்கெட்டில் அடங்கும் சின்ன மெஷின்களை வெளிநாட்டு நண்பர் வாங்கி வந்து கொடுத்தார், ஜீப்பில் எடுத்துக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பார்க்கிறேன் என்றெல்லாம் கிளம்பிவிடாதீர்கள். நல்ல எண்ணம் சட்டத்தின் முன் நிற்காது. எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவர்கள் ஸ்கேன் செய்ய ஆறு மாதப் பயிற்சி வேண்டும் என்று 2014-ல் விதிகள் வந்தன. உங்கள் மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் சேருமா என்று நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத்தான் புரோபைத் தொடுங்கள்.

இந்தச் சட்டம் எரிச்சலூட்டுகிறது என்று என் நண்பர்கள் புலம்புவார்கள். நானும் புலம்பியிருக்கிறேன். கருக்குழாயில் கரு தங்கி வெடித்து வரும் பெண்ணுக்கு, யூரின் டெஸ்ட் பாசிட்டிவ், மோரிசன் பவுச்சில் கறுப்பு என்றால் அடுத்த நிமிஷம் தியேட்டர்தான். அங்கே ஃபார்ம் நிரப்புவது பாரமாகத் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது தமிழ்நாட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே 1992-ல் நம் ஊரில்தானே. சிஸ்டர் ஃபார்மை எடுத்துத் தயாராக வைத்திருந்தால் ஒரு நிமிஷம்தான் ஆகும்.

படிப்புப் பாதை நேரானது. நீட் பி.ஜி. எழுதி எம்.டி. அல்லது டி.என்.பி. எமர்ஜென்சி மெடிசின், மூன்று வருடம். சேரும் முன் அந்தத் துறையில் மெஷின் கேஷுவாலிட்டிக்குள் இருக்கிறதா, பீரோவில் பூட்டிச் சாவி தலைமை மருத்துவர் பையில் இருக்கிறதா என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள். அந்த ஒரு பதில் கல்லூரியின் பெயரைவிட முக்கியம். அமெரிக்காவில் எமர்ஜென்சி அல்ட்ராசவுண்டுக்கென்றே ஒரு வருட ஃபெலோஷிப்கள் உண்டு. போக முடிந்தால் போங்கள், போகாமலும் நடக்கும். அங்கே வழிமுறைகள் சொல்லும் கணக்கு ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் 25 முதல் 50, மொத்தத்தில் 150 முதல் 300. அதுவும் பிறர் சரிபார்த்த ஸ்கேன்கள். சரிபார்க்காத 300 ஸ்கேன் என்றால் ஒரே தப்பை 300 தடவை செய்து பழகியதாகவும் இருக்கலாம்.

ரேடியாலஜிஸ்டைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். என் வேலையில் கால்வாசி அவரோடு டீ குடித்ததில் நடந்தது. ஆரம்பத்தில் ஒருவர் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ராத்திரி என் சந்தேகப் படங்களைக் காலையில் அவரிடம் கொண்டுபோய் ‘இது என்ன சார்?’ என்று கேட்க ஆரம்பித்தேன். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பை ரத்தம் என்று நான் நினைத்த படத்தைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கொழுப்பில் உள்ளே மெல்லிய புள்ளிகள் இருக்கும், மூச்சோடு உறுப்பும் கொழுப்பும் சேர்ந்தே நகரும், மறுபக்கமும் அதே மாதிரி இருக்கும். அவர் சொல்லித்தந்தது. உறைந்த ரத்தம் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் கல்லீரல் மாதிரியே தெரியும் என்பதும் அவர் சொன்னதுதான். இன்றைக்கு என் மாணவர்களுக்கு அவர்தான் மாதம் ஒரு வகுப்பு எடுக்கிறார்.

ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாயில் ஊசி போடப் பழகுவதற்கு நோயாளியைக் குத்த முடியாது, கடையில் விற்கும் மாதிரி உடலுக்கு விலை அதிகம். நாங்கள் சமைத்துக்கொள்கிறோம். ஜெலட்டினைத் தடிப்பாகக் கரைத்து, இசப்கோல் ரெண்டு ஸ்பூன் கலந்து, பழைய டிபன் கேரியர் தட்டில் ஊற்றி, நடுவில் நீளமான பலூனில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பிப் போட்டுவிடுவோம். இசப்கோல் திசு மாதிரி பொடிப் பொடியான வெண்மை தரும், பலூன் ரத்தக்குழாய். சமவெளியில் ஃபிரிட்ஜ் வேண்டும், உதகையில் ராத்திரி ஜன்னலோரம் வைத்தால் காலையில் இறுகியிருக்கும். சைனா கிராஸில் செய்து பார்த்தோம், ஊசி போன வழியெல்லாம் வெடித்துவிடுகிறது. ஒரு தடவை துப்புரவு செய்ய வந்த அக்கா யாரோ செய்துவைத்த இனிப்பு என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார். சாப்பிடும் முன் கேட்டார், நல்லவேளை.

இனி ஆரம்பத்தில் சொன்ன இருட்டறைக்கு வருகிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மத்தியானம், அந்த வாரம் கேஷுவாலிட்டியில் எடுத்த எல்லா வீடியோக்களையும் உட்கார்ந்து பார்ப்போம். எடுத்தவர் பெயர் திரையில் இருக்காது. ஆறு நொடி வீடியோ, அதற்குள் மூன்று கேள்வி. பார்க்க வேண்டிய இடம் முழுவதும் படத்தில் இருக்கிறதா? எழுதியதும் படமும் ஒத்துப்போகிறதா? அந்தப் பதிலை வைத்து எடுத்த முடிவு சரியா? முதல் கேள்வியிலேயே பாதிப் படங்கள் விழும். கல்லீரல் நுனி வரவில்லை, மண்ணீரலின் மேல்பக்கம் வரவில்லை, ஆழம் கூட்டி வைத்ததால் இதயம் கடுகளவு தெரிகிறது. இப்படி விழுகிற படங்களுக்கு ‘நெகட்டிவ்’ என்று எழுதக் கூடாது, ‘தெளிவில்லை’ என்று எழுத வேண்டும். இந்த ஒரு சொல்லை எழுதவைக்க எனக்கு ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஆறு மாதம் பிடிக்கிறது. நம் படிப்பு முழுக்கத் தெரியாது என்று சொன்னால் திட்டு வாங்கிய படிப்பு. ராத்திரியில் அதைத் தைரியமாக எழுதுகிற ஜூனியரைத்தான் நான் தனியாக விடுவேன்.

சொல்லித்தந்த பழக்கம் பரவுவதை வகுப்புக்கு வெளியே வேறு இடங்களில்தான் கண்டுபிடிக்க முடியும். அடிவயிற்றைப் பார்க்கச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், அதுதான் நமக்கு ஜன்னல். கதீட்டர் போட்டு வடித்துவிட்டால் பின்னாலிருக்கும் ரத்தம் தெரியாது. இதைப் பத்து வருடமாக டாக்டர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒரு பைக் விபத்துக் கேஸில் புது டாக்டர் கதீட்டர் கேட்டார். எங்கள் நைட் சிஸ்டர் கதீட்டர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பிரிக்காமல் நின்றார். ‘ஸ்கேன் பாத்தாச்சுங்களா டாக்டர்?’ என்றார். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பில் அவர் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

சில்லறை விஷயங்கள். புரோபை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், பல புரோப்களின் முகப்பு ரப்பர் கெட்டுப்போகும். கீழே போட்டால் உள்ளே படிகம் உடைந்து படத்தில் கறுப்புக் கோடு நிரந்தரமாக விழும். கோடு விழுந்த புரோபோடு நாங்கள் ஒரு வருடம் ஓட்டினோம். வாங்குவதற்கு முன் சர்வீஸ் ஆள் மலையேறி வருவாரா என்று கேளுங்கள். கோவை வரை வருவேன் என்பவர்களை நம்பி வாங்காதீர்கள்.

நாளைக்கே ஆரம்பிக்க வேண்டுமென்றால் மெஷின்கூட வேண்டாம். ஒரு நீளமான ரெஜிஸ்டர் நோட்டு வாங்கி மூன்று கட்டம் போடுங்கள். என்ன பார்த்தோம், என்ன முடிவெடுத்தோம், கீழே போனபின் என்ன தெரிந்தது. ஸ்கேன் உங்கள் சீனியர் செய்ததாக இருந்தாலும் எழுதுங்கள். மூன்றாவது கட்டத்துக்குத்தான் உழைப்பு வேண்டும், யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். நீங்கள் வழக்கமாக ரெஃபர் செய்யும் கோவை மருத்துவமனையின் எமர்ஜென்சி நம்பரை நோட்டு அட்டையிலேயே எழுதி வையுங்கள். காலையில் கூப்பிட்டால் ரவுண்ட்ஸ் என்று வைத்துவிடுவார்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் கூப்பிடுங்கள், டியூட்டி மாறிப் புது ரெசிடென்ட் உட்கார்ந்திருப்பார், கேஸ் ஷீட்டை எடுத்து வாசித்துச் சொல்வார்.